யார் முகம், யார் வாசல்? அயல் மண்ணில் எழும் தூதரகங்களும் ஆரோவில் பன்னாட்டு வளாகமும்

ஒரு நாடு இன்னொரு நாட்டின் நகரத்தில் தனக்கென்று கட்டடம் எழுப்புகிறது. அது அனுப்பிய நாட்டைப் போல இருக்க வேண்டுமா, இடம் கொடுத்த ஊரைப் போல இருக்க வேண்டுமா? கட்டடக் கலைஞர்கள், வெளியுறவுத் துறையினர், பாதுகாப்பு அதிகாரிகள் என்று ஆளுக்கொரு பதில் வைத்திருக்கும் பழைய கேள்வி இது. டெல்லி சாணக்கியபுரியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் முக்கால்வாசிப் பதில்களைச் செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் பார்த்துவிடலாம்.

அங்கே கிடைக்காத ஒரு பதில் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி நெடுஞ்சாலையில் வந்து, திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் கிழக்கே திரும்பினால் சில கிலோமீட்டரில் ஆரோவில். அதன் நகரத் திட்டத்தில் மேற்குப் பக்கம் 74 ஹெக்டேர் பன்னாட்டு வளாகத்துக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. தூதரும் விசா முத்திரையும் இல்லாத நாட்டு இல்லங்கள் அங்கே வரிசையாக எழ வேண்டும் என்பது எண்ணம். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் எழுந்தவை விரல்விட்டு எண்ணும் அளவே.

இந்தத் தேக்கத்தைத் தனிக் கதையாகப் பார்ப்பதைவிட, தூதரகக் கட்டடம் பற்றிய நெடிய விவாதத்தின் ஒரு பகுதியாகப் பார்ப்பது பயன் தரும். உதாரணங்களுக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வணிகம், மதம், அரசியல் என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி வெளியார் வந்து இடம் கேட்டுக் கட்டிய கடற்கரைதான் பழைய தென்னாற்காடும் அதன் அக்கம்பக்கமும்.

சட்டம் பேசுவதும் பேசாததும்

தூதரக வளாகம் வெளிநாட்டு மண் என்று பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியல்ல. தூதரக உறவுகளுக்கான 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி நிலம் இடம் கொடுத்த நாட்டுடையதுதான். ஆனால் தூதரகத் தலைவரின் இசைவின்றி அந்நாட்டு அதிகாரிகள் உள்ளே நுழைய முடியாது (பிரிவு 22). இடம் தேடிக்கொள்ள அந்த நாடு உதவ வேண்டும் (பிரிவு 21). வந்தவர்கள் உள்ளூர்ச் சட்டங்களை மதிக்க வேண்டும் (பிரிவு 41). கட்டட விதிகளும் அந்தச் சட்டங்களில் அடக்கம் என்பதே பொதுவான வாசிப்பு. சென்னையிலும் புதுச்சேரியிலும் இருப்பவை துணைத் தூதரகங்கள். அவற்றுக்கு 1963ஆம் ஆண்டின் தனி உடன்படிக்கை பொருந்தும். அதில் பாதுகாப்பு ஒரு படி குறைவு.

கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி இந்த உடன்படிக்கைகளில் ஒரு சொல்லும் இல்லை. என்றாலும், உள்ளே வராதே என்று ஒரு விதியும், வெளியே நின்று காவல் காத்துக் கொடு என்று இன்னொரு விதியும் சேரும்போது காம்பவுண்டு சுவர் சட்டத்திலேயே கருக்கொண்டுவிடுகிறது. மற்ற எல்லாப் பதில்களும் இந்தச் சுவரோடு மல்லுக்கு நிற்பவை.

பீரங்கிக் குண்டு விழும் தூரம்

சுவரின் தர்க்கத்தை அப்பட்டமாகக் காட்டும் சம்பவம் ஒன்று இந்தப் பகுதியிலேயே நடந்திருக்கிறது. 1690இல் செஞ்சியிலிருந்து ஆண்ட மராத்தியரிடம், சிவாஜியின் மகன் ராஜாராமின் ஆட்சியில், கடலூருக்குப் பக்கத்திலுள்ள தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை என்று பேச்சு. கைதேர்ந்த பீரங்கிக்காரரை வைத்துச் சுற்றிலும் சுடச் செய்து எல்லை வகுத்தார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. செயின்ட் டேவிட் கோட்டை தூதரகம் அல்ல, வியாபாரக் கோட்டை. ஆனாலும் வெளியூரான் பத்திரமாக இருக்கத் தன்னைச் சுற்றி வெற்றிடம் வேண்டும், அந்த வெற்றிடத்துக்கான விலையை உள்ளூரான் தர வேண்டும் என்ற கணக்கு அங்கே தெளிவாக இருக்கிறது.

மூன்று நூற்றாண்டு கழித்து அதே கணக்கு வேறு அளவுகோலோடு திரும்பி வந்தது. 1983 ஏப்ரலில் பெய்ரூட்டில் அமெரிக்கத் தூதரகம் குண்டுவெடிப்புக்கு இலக்கானது. 1985இல் அமெரிக்க அரசு அமைத்த இன்மன் குழு, புதிய தூதரகங்கள் தெருவிலிருந்து 100 அடியாவது உள்வாங்கி நிற்க வேண்டும் என்றது. 1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் நடந்த தாக்குதல்களில் 224 பேர் இறந்தபின் அந்தப் பரிந்துரை சட்டமாகவே ஆனது. அடுத்து வந்தது ஒரே அச்சு வரைபடம். ஆப்பிரிக்கா ஆனாலும் ஆசியா ஆனாலும் ஏறக்குறைய ஒரே கட்டடம், விசாலமான மனை தேடி ஊருக்கு வெளியே.

இந்தப் பதிலைக் கட்டடக் கலைஞர்கள் சாடித் தீர்த்திருக்கிறார்கள். தூதரகம் என்பதே ஊரோடு பழகுவதற்கு; அதைச் சிறைச்சாலை போலக் கட்டிவிட்டு நட்பு பேச முடியுமா என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். ஆனால் அதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. நைரோபியில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கென்யர்கள்: தெருவில் போனவர்கள், பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள். நெரிசலான தெருவோரத்தில் ஊரோடு ஒட்டி நின்ற தூதரகம் ஊரையும் தன்னோடு சேர்த்து ஆபத்தில் இழுத்துவிட்டது. இடைவெளி வேண்டும் என்பவர்களை வெறும் பயந்தாங்கொள்ளிகள் என்று ஒதுக்கிவிட முடியாது.

2010க்குப் பிறகு அமெரிக்கா அச்சு வரைபடத்தைத் தளர்த்தி, பாதுகாப்பும் அழகும் சேர்ந்து வர வேண்டும் என்று பேசத் தொடங்கியது. லண்டனில் 2018 ஜனவரியில் திறந்த புதிய அமெரிக்கத் தூதரகத்தின் முன் அரைவட்டக் குளம் ஒன்று இருக்கிறது. பார்வைக்குக் குளிர்ச்சி, வேலையில் அது அகழிதான். செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது.

ஊரின் உடை

எதிர்ப்பக்கத்தில் நிற்பது, இடம் கொடுத்த ஊரின் உடையை உடுத்திக்கொள்ளும் வழி. 1954இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் கட்டடக்கலை ஆலோசனைக் குழு, தூதரகங்கள் உள்ளூரின் தட்பவெப்பத்தையும் வழக்கங்களையும் மதித்து நல்லெண்ணம் வளர்ப்பவையாக இருக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. அதன் முதல் பெரும் விளைச்சல் டெல்லியில் எட்வர்ட் டியூரெல் ஸ்டோன் கட்டி 1959இல் திறந்த தூதரகம். வெயிலை மறிக்கக் கட்டடத்தைச் சுற்றிலும் துளைத்திரை, கூரைக்கு மேல் இன்னொரு கூரை, நடுவில் நீர்த்தோட்டம். துளைத்திரைக் கட்டிகளை அந்த இடத்திலேயே தொழிலாளர்கள் கையால் வார்த்தார்கள். நேரு பாராட்டினார், உலகப் பத்திரிகைகள் கொண்டாடின.

அதன் பலவீனம் பின்னால்தான் தெரிந்தது. டெல்லியின் வெயிலுக்கென்று பிறந்த அதே திரையை ஸ்டோன் நியூயார்க்கில் தன் சொந்த வீட்டின் முகப்பிலும் போட்டுக்கொண்டார். ஊரின் உடை என்றது கலைஞரின் கையெழுத்தாகிவிட்டது. டெல்லித் தூதரகத்தின் தங்கமுலாம் பூசிய தூண்கள் எந்த ஊருடையவை என்பதும் விளங்கவில்லை.

பெல்ஜியம் இதைவிடத் துணிச்சலான வழியில் போனது. டெல்லியில் தன் தூதரகத்தை வடிவமைக்கும் பொறுப்பை சதீஷ் குஜ்ராலிடம் தந்தது. அவர் ஓவியர், சிற்பி. முறையாகக் கட்டடக்கலை படித்தவர் அல்லர். 1983இல் முடிந்த அந்தச் செங்கல் வளைவுகளையும் குவிமாடங்களையும் பார்த்தால் பழைய காலத்து இடிபாடு ஒன்றை மண்ணிலிருந்து தோண்டி எடுத்தது போலத் தோன்றும். பாராட்டு குவிந்தது, பெல்ஜிய அரசும் அவரைக் கௌரவித்தது. ஆனால் அதில் பெல்ஜியம் எங்கே என்று கேட்டவர்களும் உண்டு. இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: ஊர் என்றால் எந்த ஊர்? சுல்தான்கள், முகலாயர்களின் டெல்லி அங்கே இருக்கிறது. பிரிவினைக்குப்பின் அகதிகள் குடியேறிய டெல்லி இல்லை. ஊரின் உடை என்று எடுக்கும்போதெல்லாம் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பட்டுத்தான் கைக்கு வருகிறது.

இந்த வழிக்குத் தமிழ்க் கடற்கரையில் ஆயிரம் ஆண்டு முன்கதை இருக்கிறது. ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே நிவந்தமாக அளித்தான். இன்றைய பேச்சில், வெளிநாட்டு அரசு கட்டிய கட்டடத்துக்கு உள்ளூர் அரசு கொடுத்த பராமரிப்புச் செலவு அது. நாகையில் சீனக் கோபுரம் என்றும் புதுவெளிக் கோபுரம் என்றும் சொல்லப்பட்ட மூன்றடுக்குச் செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்படும்வரை நின்றது. அது யார் கட்டியது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எதிர்த்திசையில், சீனத்தின் குவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பினார்கள். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் ஆண்டு 1281. அக்கோயில் சிற்பங்கள் சொல்லும் கதை தமிழ்நாட்டுப் புராணம். உளி உள்ளூர்ச் சீனக் கல்தச்சருடையதாக இருக்கலாம் என்று சிற்ப அமைதியை வைத்துச் சொல்கிறார்கள். கலப்பு வேண்டும் என்று யாரும் கொள்கை வகுக்கவில்லை. வேலை செய்த கை எந்த ஊர்க் கையோ அந்த ஊர் உள்ளே வந்துவிட்டது. புதுச்சேரியில் 1738இல் கட்டிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் அப்படித்தான்: கீழே தமிழ் வீட்டின் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணியில் வெள்ளைத் தூண்கள்.

தன் முகத்தோடு வருவது

தன் நாட்டின் முகத்தை அப்படியே கொண்டுவந்து வைக்கும் மூன்றாவது வழியைச் சுருக்கமாகவே பார்க்கலாம். அதன் முரண் வெளிப்படையானது. லண்டன் ஆல்ட்விச்சில் 1930இல் திறந்த இந்தியா ஹவுஸ், இந்தியாவின் முகம் என்று காலனி அரசு தேர்ந்த முகம். வடிவமைத்தவர் புதுடெல்லியில் லட்யன்ஸோடு வேலை செய்த ஹெர்பர்ட் பேக்கர். சுதந்திரத்துக்குப் பிறகும் அதே கட்டடம் நம் தூதரகமாகத் தொடர்கிறது. பெர்லினில் 2001இல் எழுந்த இந்தியத் தூதரகத்துக்கு ராஜஸ்தானத்துச் சிவப்பு மணற்கல் போனது, வரைந்தவர்கள் ஜெர்மானியர். கட்டடம் நன்றாகவே இருக்கிறது என்று பலரும் ஒப்புகிறார்கள். ஆனால் அனுப்பும் நாட்டுக்கு ஒரே முகம்தான் உண்டா? சிவப்பு மணற்கல்லை இந்தியா என்று ஏற்றால், செங்கல்லும் காரைச் சாந்தும் கருங்கல்லுமான தெற்கு என்னவாகும்? இந்தக் கேள்விக்கு இதுவரை வந்த பதில்கள் வலுவானவை அல்ல.

தூதர் இல்லாத தூதரகம்

இந்த மூன்று வழிகளுக்கும் வெளியே நிற்க முயன்றது ஆரோவில். நாடுகள் ஒவ்வொன்றும் தன் பண்பாட்டைக் காட்டும் இல்லம் ஒன்றை அமைத்து, மாணவர்கள் அங்கே வாழ்ந்து கற்க வேண்டும் என்ற யோசனையை ஆரோவில்லை நிறுவிய ஸ்ரீ அன்னை 1952 வாக்கிலேயே, புதுச்சேரி ஆசிரமத்தின் பன்னாட்டுப் பல்கலைக்கழக மையத்தை முன்னிட்டுச் சொல்லியிருந்தார். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது 124 நாடுகளின் மண்ணும் இந்திய மாநிலங்களின் மண்ணும் ஒரே தாழியில் கொட்டப்பட்டன. கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சேயின் சுழல் வடிவத் திட்டத்தில் தொழில், குடியிருப்பு, பண்பாடு என்ற பகுதிகளோடு பன்னாட்டு வளாகமும் இடம்பெற்றது. கண்டம் கண்டமாக இல்லங்கள் அடுத்தடுத்து நிற்கும். நாடுகள் தம் ஆன்மாவைக் காட்டும், அதிகாரத்தை அல்ல.

இன்று அங்கே என்ன இருக்கிறது? இந்திய இல்லமான பாரத் நிவாஸ் இருக்கிறது; 1970களில் தொடங்கிய அதன் பணிகள் வெகுகாலம் இழுத்துக்கொண்டு போயின. திபெத்தியப் பண்பாட்டு இல்லம் இருக்கிறது. தலாய் லாமா 1993இல் அடிக்கல் நாட்டி, 2009இல் அவரே திறந்துவைத்தார். யூனிட்டி பெவிலியன் என்ற பொது மண்டபம் இருக்கிறது. இன்னும் சில சிறு கட்டடங்களும், பெயர்ப்பலகை அளவில் நிற்கும் திட்டங்களும் உண்டு. 124 நாடுகளின் மண் வந்த இடத்துக்கு இது சொற்பம்.

காரணமாகச் சொல்லப்படுபவை பல. நிலம் துண்டு துண்டாகத் தனியார் பட்டாக்களோடு பின்னிக் கிடந்தது. 1973இல் அன்னை மறைந்தபின் நிர்வாகச் சண்டை மூண்டது. 1980இல் மத்திய அரசு அவசரச் சட்டத்தால் தலையிட்டது, 1988இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 50,000 பேருக்குத் திட்டமிட்ட ஊரில் சில ஆயிரம் பேரே வாழ்கிறார்கள். சுழல் வடிவத் திட்டத்தை வரைந்தபடியே நிறைவேற்றுவதா, நிலத்துக்கும் மரத்துக்கும் ஏற்ப வளைப்பதா என்ற தகராறு 2021 டிசம்பரில் வட்டச்சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது வீதிக்கு வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் விதித்த நிபந்தனைகளை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் நீக்கியது.

இவை எல்லாம் மெய். ஆனாலும் எழுந்தவை எவை என்று பார்த்தால் இன்னொரு காரணம் தென்படுகிறது. பாரத் நிவாஸின் பின்னால் ஓர் அரசு இருந்தது. திபெத்திய இல்லத்தின் பின்னால் உலகில் எந்தத் தலைநகரிலும் முறையான தூதரகம் வைக்க முடியாத ஒரு சமூகம் இருந்தது. அவர்களுக்கு இந்த இல்லம் அலங்காரம் அல்ல, தேவை. டெல்லியில் ஏக்கர் கணக்கில் வளாகம் வைத்திருக்கும் நாடுகளுக்கு வானூர் செம்மண்ணில் கொடியில்லாத இன்னொரு வீடு எதற்கு? அந்த நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு ஆசை உண்டு. ஆனால் தங்கள் நாட்டின் பெயரில் பேச அவர்களுக்கு யார் உரிமை தந்தது என்ற கேள்வி உடனே எழும். அரசிடம் கேட்டால் பணம் வரலாம், கூடவே அரசின் நிபந்தனைகளும் வரும். அரசை விலக்கியதால் ஆரோவில் சுவரிலிருந்து தப்பியது. அதே காரணத்தால் கட்டடத்தையும் பெரும்பாலும் இழந்தது. இந்த வாசிப்பு ஓரளவு ஊகம்தான். என்றாலும் நிலச்சிக்கலும் நிர்வாகச் சிக்கலும் மட்டும் சொல்லாத ஒன்றை இது சொல்கிறது.

செம்மண்ணும் உள்ளூர்க் கையும்

ஆரோவில்லின் உண்மையான பங்களிப்பு பன்னாட்டு வளாகத்தில் இல்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. 1989க்கும் 1992க்கும் இடையே கட்டிய பார்வையாளர் மையத்துக்கு 1992இல் ஹசன் ஃபாத்தி விருது கிடைத்தது. அது அழுத்திய மண்கல்லால் ஆனது. செய்முறை எளிது. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடியிலிருக்கும் செம்மண்ணைத் தோண்டிச் சலிப்பார்கள். நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் கலந்து, லேசாக நீர் தெளித்துப் பிசறி, இயந்திர அச்சில் போட்டு நெம்புகோலை இழுத்து அழுத்துவார்கள். வெளியே வரும் கல்லைச் சூளையில் வேகவைப்பதில்லை. நிழலில் அடுக்கி நான்கு வாரம் நனைத்து ஆறவைத்தால் போதும். விறகு மிச்சம். மண் எடுத்த பள்ளம் மழைநீர்க் குளமாகிவிடும். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தில் உருவான இந்த அச்சு இயந்திரம் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம், ஆலங்குப்பம் போன்ற சுற்றூர்களின் கொத்தனார்களும் சித்தாள்களும் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள்.

பொருளைத் தேர்வதும் ஒரு நிலைப்பாடுதான் என்பதை இந்த மாவட்டம் பல்லவர் காலத்திலேயே பார்த்துவிட்டது. மண்டகப்பட்டுக் குடைவரைக் கல்வெட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் இதை ஆக்குவித்ததாக மகேந்திரவர்மன் சொல்லிக்கொள்கிறான். புதுச்சேரியில் 1937இல் பணி தொடங்கிய கோல்கொண்டே விடுதி நவீன எடுத்துக்காட்டு. அதன் கட்டடக் கலைஞர்களான அன்டோனின் ரேமண்டும் ஜார்ஜ் நகஷிமாவும் கான்கிரீட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் கடற்காற்று நுழையச் சாளரம் முழுக்கத் திருப்பும் பலகைகளை வைத்தார்கள். முகப்பில் இந்தியச் சின்னம் ஒன்றுகூட இல்லை. வெயிலையும் காற்றையும் பொறுத்தவரை அது அசல் உள்ளூர்க் கட்டடம். அதே ரேமண்ட் 1950களின் தொடக்கத்தில் டோக்கியோவில் அமெரிக்கத் தூதரக ஊழியர் குடியிருப்பைக் கட்டினார். துளைத்திரையை ஒட்டவைப்பதைவிட இந்த வழி நேர்மையானது என்றே தோன்றுகிறது.

வாசலில் நிற்பவர்

இதுவரை பார்த்த பதில்கள் பெரும்பாலும் முகப்பைப் பற்றியவை. உள்ளே போகிறவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. சென்னை ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகம் 1969இல் திறந்தது. விழுப்புரத்திலிருந்து விடிகாலை ரயிலேறி அங்கே போகும் பொறியியல் பட்டதாரிக்கு அதன் கட்டடக்கலை எதுவும் நினைவில் நிற்காது. கோப்பும் கையுமாக நின்ற வரிசையும், உள்ளே கொண்டுபோக முடியாத கைப்பேசியை எங்கே கொடுத்துவைப்பது என்ற தவிப்பும்தான் நிற்கும். வளைகுடாவில் வேலைக்குப் போன செஞ்சிப் பக்கத்து ஆளுக்கும் அங்கேயுள்ள இந்தியத் தூதரகம் என்றால் ஒரு ஜன்னல், ஒரு டோக்கன், ஒரு நாள் சம்பள வெட்டு. நிழல், குடிநீர், கழிப்பறை, உட்கார ஒரு பெஞ்சு: இவை திட்ட வரைபடத்தில் எத்தனை சதுர அடி பெற்றன என்பது, முகப்பு எந்த நாட்டுடையது என்பதைவிடக் கூடுதலான செய்தி.

தீராமல் இருப்பவை

முகம் யாருடையதாக இருக்க வேண்டும் என்ற பழைய கேள்வி ஓரளவு வலுவிழந்துவிட்டது என்றே இந்த வரலாற்றிலிருந்து படுகிறது. மூன்று வழிகளிலும் நல்ல கட்டடமும் எழுந்திருக்கிறது, போலியும் எழுந்திருக்கிறது. பாக்தாதில் ஹோசே லூயிஸ் செர்ட் தட்பவெப்பத்தைக் கவனித்துக் கட்டிய அமெரிக்கத் தூதரகம், 1967இல் இரு நாட்டு உறவும் முறிந்தபோது மூடப்பட்டது. வடிவமைப்பால் அதைத் தடுக்க முடியவில்லை.

பாதுகாப்பு இடைவெளி தேவைதான், ஆனால் அந்த வெற்றிடம் ஊருக்கும் பயன்பட வழி உண்டா என்பது தீரவில்லை. லண்டன் குளத்தை ஒரு முயற்சியாக எடுத்துக்கொள்ளலாம். அதைக் கொண்டு முடிவு கட்ட முடியாது. பாதுகாப்பு விதிகளின் கெடுபிடிக்குள் மண்கல்லும் சுற்றூர்க் கொத்தனாரும் எந்த அளவுக்கு இடம்பெற முடியும் என்பதும் திறந்தே கிடக்கிறது. ஒற்றைமாடிக் காத்திருப்புக் கூடங்களில் தொடங்கிப் பார்ப்பது நடைமுறைக்கு உகந்ததாக இருக்கலாம். ஆரோவில்லைப் பொறுத்தவரை, சாலை வழக்கு முடிந்துவிட்டதால் இல்லங்கள் எழுந்துவிடும் என்று எதிர்பார்க்க முகாந்திரம் இல்லை. ஒரு நாட்டின் பெயரில், அந்த நாட்டு அரசின் கையெழுத்து இல்லாமல், யார் கட்டலாம், யார் பராமரிக்க வேண்டும் என்பதற்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் நேரான பதில் இல்லை. அதைத் தீர்க்க வேண்டிய இடம் கட்டடக் கலைஞரின் மேசை அல்ல, அறக்கட்டளையின் ஆட்சிக்குழு.